விரும்பி விற்றவர்

ஈக்காட்டுத்தாங்கல்,
8 ஜனவரி 2024

அன்புள்ள சகினா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகமும் மச்சான் சுகமும் அறிய ஆவல். ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நினைக்காதே. போனில் ஆரம்பித்தால் நீயும் நானும் பத்தாவது நிமிஷம் சண்டையில் நிற்கிறோம். வக்கீலும் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்கிறார்.

அத்தா வஃபாத்தான பிறகு நம் ரப்பர் கேஸ்கட் கம்பெனியின் பத்தாயிரம் பங்குகளும் மார்க்கப்படி பிரிந்தன. எனக்கு ஐயாயிரம், உனக்கும் புஷ்ராவுக்கும் ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. மூன்று வருஷமாக டிவிடெண்ட் தர முடியவில்லை. பீரோவில் சும்மா கிடக்கிற பங்குப் பத்திரத்தால் உனக்கு என்ன பயன்? நானே வாங்கிக்கொள்கிறேன்.

விலையை நான் சொல்லக் கூடாது என்று, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ராஜரத்தினம் என்பவரிடம் கொடுத்தேன். நியாய மதிப்பு பங்குக்கு 618 ரூபாய் என்று அறிக்கை தந்திருக்கிறார். உனக்குப் பதினைந்து லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் வரும். இந்த மாதத்துக்குள் சம்மதம் சொன்னால் அடுத்த வாரமே பணம். கட்டாயம் ஒன்றுமில்லை.

மச்சானுக்கு என் சலாம்.

உன் தம்பி,
அமீன்

*

மயிலாப்பூர்,
14 ஜனவரி 2024

அன்புத் தம்பி அமீனுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் கிருபையால் நாங்கள் இருவரும் நலம், ஒரு குறையும் இல்லை. உன் மச்சான் சர்க்கரைக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்துக் கொஞ்சம் இளைத்திருக்கிறார், அவ்வளவுதான். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு விடையை மட்டும் அனுப்பியிருக்கிறாய். நான் வழிமுறைக்குத்தான் மார்க் போடுவேன் என்று உனக்குத் தெரியாதா? இந்த 618 எங்கிருந்து வந்தது? ஷெட் நிற்கிற இடத்தை விற்றாலே அதைவிட அதிகம் தேறுமே. போன வருஷம் புதிதாக இரண்டு பிரஸ் மெஷின் வாங்கிப் போட்டாயே, நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனிக்கு எதற்கு இரண்டு பிரஸ்?

கோபித்துக்கொள்ளாதே. புரியாததைக் கேட்கிறேன். விளக்கமாக எழுது.

துஆவுடன்,
அக்கா சகினா

*

ஈக்காட்டுத்தாங்கல்,
20 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான் நலமாக இருப்பது அறிந்து சந்தோஷம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

ராஜரத்தினம் எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். மதிப்பு போடுவதில் மூன்று படி. தங்கத்துக்கு தி. நகர் கடைவாசலில் தினமும் விலை எழுதிப் போடுகிறார்கள். அது முதல் படி. உன் ஃப்ளாட்டுக்கு அப்படிப் பலகை கிடையாது, ஆனால் எதிர் ஃப்ளாட் என்ன விலைக்குப் போனது என்று விசாரிக்கலாம். அது இரண்டாம் படி. நம் பங்குக்கு இரண்டும் இல்லை. யாரும் வாங்கியதில்லை, விற்றதில்லை. ஆகவே இனி வரப்போகும் லாபத்தை ஊகித்து, அதை இன்றைய பணமாகச் சுருக்க வேண்டும். மூன்றாம் படி. அப்படிச் சுருக்கியதில் 1,030 வந்தது. உனக்குக் கம்பெனியை நடத்தும் அதிகாரம் இல்லை, அதற்கு இருபது சதவீதக் கழிவு. வெளியே நினைத்தவுடன் விற்க முடியாத பங்கு, அதற்கு மீதியில் இன்னொரு இருபத்தைந்து. மிச்சம் 618. இடம் அரசுக் குத்தகை, அதை விற்க முடியாது. பிரஸ் இரண்டும் பேங்க் கடன்.

யாரும் யாரையும் நெருக்காமல், விரும்பி வாங்குகிறவனும் விரும்பி விற்கிறவனும் ஒத்துக்கொள்கிற விலைதான் நியாய மதிப்பாம். நான் உன்னை நெருக்கவில்லை. ஜனவரி தாண்டினால் பணத்துக்கு நான் உறுதி சொல்ல முடியாது.

உன் தம்பி,
அமீன்

*

மயிலாப்பூர்,
27 ஜனவரி 2024

அன்புத் தம்பி அமீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். அங்கும் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

என் வகுப்பில் எவளாவது கழித்ததிலிருந்து மறுபடி கழித்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். இருந்தாலும் சம்மதம். நீ அனுப்பிய எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டு, வீட்டு வேலைக்கு வருகிற முனியம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். ‘யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் மனமார விற்கிறேன்’ என்ற தாளிலும் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி ஐந்துக்குள் பணம் வந்தால் நல்லது. பெரிய அவசரம் ஒன்றுமில்லை. குளியலறை ஒழுகி, கீழ்வீட்டுக்காரர் தினமும் மாடியேறி வந்து சத்தம் போடுகிறார். கொத்தனார் ஆறாம் தேதி வருகிறேன் என்றிருக்கிறார். வேலையை ஆரம்பித்துவிட்டு நாங்கள் பெங்களூருவில் மகள் சிம்ராவிடம் போய் மே மாதம் வரை இருப்பதாக எண்ணம். இரண்டு பேரும் எங்கேயும் போய் வெகுநாளாயிற்று.

துஆவுடன்,
அக்கா சகினா

*

அடையாறு,
9 ஜூன் 2024

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள்? சிம்ரா வீட்டிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன் செய்தால் ‘அப்புறம் பேசறேண்டி’ என்று வைத்துவிடுகிறாய். நான் வரட்டுமா என்றால் பெயின்ட் வாசனை என்கிறாய். குளியலறைக்கு நான்கு மாதமாகவா பெயின்ட் அடிக்கிறார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். ஜீஷான் மேல்படிப்புக்காக என் பங்கையும் விற்றுவிடலாம் என்று அமீனிடம் கேட்டேன். 618 என்றான். போன நவம்பரில் பேங்க் கடனுக்கு என்னிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கினானே, அந்தக் கட்டுக்குள் பேங்க் வைத்த மதிப்பீட்டாளரின் தாள் ஒன்று இருந்தது. அதில் இதே பங்கு 1,950. எடுத்து அவன் முன்னால் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை அவன் முகத்தில். ‘பேங்க் தாள் வேற. அக்கா 618-க்குக் குடுத்துடிச்சு. நடந்த விலைக்கு மேல ஊகம் எதுக்கு?’ என்கிறான். ராஜரத்தினம் மறுபடி மதிப்புப் போடுகிறாராம். வெளிச்சந்தையில் விற்காத பங்குக்குச் சமீபத்தில் நடந்த ஒரே விற்பனைதான் பெரிய ஆதாரமாம். அந்த ஒரே விற்பனை உன்னுடையது.

ஏன் கொடுத்தாய்? உன்னைவிடக் கணக்குத் தெரிந்தவள் நம் வீட்டில் யார்? எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து நின்றிருப்போம். உன் ஒழுகுகிற குளியலறைக்காக என் பிள்ளையின் படிப்பு மூன்றில் ஒரு பங்கு விலைக்குப் போகிறது. எனக்கு உன் மேல் கோபம்தான், மறைக்கவில்லை.

புஷ்ரா

*

மயிலாப்பூர்,
12 ஜூன் 2024

அமீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம்.

புஷ்ரா எழுதியிருந்தாள். நவம்பரில் 1,950 ஆக இருந்தது ஜனவரியில் 618 ஆவதற்குக் கம்பெனியில் தீயா பிடித்தது? எனக்கு வந்த விலை எனக்கு. அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் தலையில் வைக்காதே. என் விற்பனையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மதிப்பீட்டாளரிடம் சொல். நான் கேட்பது இது ஒன்றுதான்.

சகினா

*

ஈக்காட்டுத்தாங்கல்,
19 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. பெங்களூரு மச்சானுக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ராஜரத்தினம் ஒழுங்கான ஆள். அவரே என்னைக் கேட்டார், அந்த விற்பனை நெருக்கடியில் நடந்ததா என்று. நெருக்கடியில் விற்றதாக இருந்தால் அந்த விலையை ஓரமாக வைத்துவிட வேண்டும், அது விதி. நான் வாயால் பதில் சொல்லவில்லை. உன் ஜனவரிக் கடிதங்கள் இரண்டின் நகலைக் கொடுத்தேன். ‘நாங்கள் இருவரும் நலம், ஒரு குறையும் இல்லை’ என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. ‘பெரிய அவசரம் ஒன்றுமில்லை’ என்றும் இருக்கிறது. கணக்கு டீச்சர், வழிமுறை கேட்டு, விளக்கம் வாங்கி, யோசித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதைவிட ஒழுங்கான விற்பனை எங்கே நடக்கும் என்றார் அவர்.

அப்படி ஏதாவது நெருக்கடி இருந்திருந்தால் சொல், அவரிடம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் புஷ்ராவிடம் பிடிவாதத்தை விடச் சொல்.

மச்சானுக்கு சலாம்.

அமீன்

*

மயிலாப்பூர்,
1 ஜூலை 2024

மதிப்பீட்டாளர் திரு. ராஜரத்தினம் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அமீனின் மூத்த சகோதரி சகினா. என் கடிதங்கள் இரண்டு தங்கள் கோப்பில் இருக்கின்றன. அவற்றில் நலம் என்று எழுதியிருப்பது பொய். அதை எழுதிய அன்று என் கணவர் பீர் முஹம்மதுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்று அறுவைக்கு என் சிறுநீரகம் பொருந்தியது. பிப்ரவரி ஆறாம் தேதிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் தேதி தள்ளிப்போகும், அவர் உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நகை முன்பே போய்விட்டது. அமீன் தந்த பணம் ஐந்தாம் தேதி பேங்கில் விழுந்தது, ஆறாம் தேதி காலை ஆஸ்பத்திரிக்குப் போனது. ரசீது, டிஸ்சார்ஜ் தாள், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றும் இத்துடன் இருக்கின்றன. நாங்கள் பெங்களூருக்குப் போகவே இல்லை.

கூடப் பிறந்தவர்களிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். என் கணவர் அதே கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். பதினைந்து வருஷத்துக்கு முன் நாற்பதாயிரம் ரூபாய் காணவில்லை என்று அமீன் அவரைத் தொழிலாளர்கள் நடுவே நிற்க வைத்துக் கேட்டான். அதற்குரிய வவுச்சர் ஒரு மாதம் கழித்து என் தகப்பனார் மேஜையிலேயே கிடைத்தது. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ‘ஒன் பங்கு, நீ வித்துக்கோ. ஆனா எனக்குன்னு அவங்கிட்ட வாய் தொறந்தா நான் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்’ என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். புஷ்ராவிடம் சொன்னால் அமீனுக்குப் போய்விடும் என்று அவளிடமும் சொல்லவில்லை.

அந்தச் சத்தியத்தை இன்று தங்களிடம் உடைக்கிறேன். நான் விரும்பி விற்கவில்லை, ஐயா. ஒரு தேதிக்காக விற்றேன். என் விலையை என் தங்கைக்கு வைக்காதீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
சகினா

*

தி. நகர்,
15 ஜூலை 2024

மரியாதைக்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். தங்கள் உடல்நிலையும் தங்கள் கணவர் உடல்நிலையும் தேறி வர வேண்டுகிறேன்.

தங்கள் ஆவணங்களைப் பார்த்தேன். தேதிகள் ஒத்துப்போகின்றன. ஆகவே தங்கள் விற்பனைக்கு எந்த எடையும் தராமல், தங்கள் தங்கை காட்டிய பேங்க் தாளையும் கணக்கில் எடுத்து, அவர் பங்கைப் புதிதாக மதிப்பிடுகிறேன். நடந்த ஒரு விற்பனையை ஒதுக்கும்போது காரணத்தை அறிக்கையில் எழுதியாக வேண்டும். ஏழாவது அடிக்குறிப்பாக, இயன்ற அளவு சுருக்கமாக எழுதுவேன். இதற்கு மாற்று வழி இல்லை. தங்கள் கையில் இருப்பதற்காக அறிக்கையின் பிரதி ஒன்று கூரியரில் வரும். ஜனவரியில் முடிந்த தங்கள் ஒப்பந்தத்தைத் திறக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்வது என் தொழிலுக்கு ஆகாது. தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜனவரி மூன்றாம் தேதி தங்கள் சகோதரர் எனக்கு அனுப்பிய குறிப்பில், விற்பவருக்குப் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் பணம் தேவைப்படும், கழிவு போடும்போது அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. யாருக்கு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதினைந்தாக இருந்த கழிவை இருபத்தைந்தாக்கினேன். கேட்டிருக்க வேண்டும். அது என் தவறு.

தங்கள்,
ராஜரத்தினம்

*

ஈக்காட்டுத்தாங்கல்,
12 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் வயிற்றில் போட்ட தையல் ஆறிவிட்டதா?

புஷ்ரா பங்குக்கு 1,690 என்று அறிக்கை வந்தது. கொடுத்துவிட்டேன். உன்னுடையது முடிந்த விஷயம். வக்கீலிடம் கேட்டேன், திறக்க வேண்டியதில்லை என்றார்.

ராஜரத்தினத்துக்கு நான் எழுதிய வரி உன்னிடம் வந்துவிட்டது என்று தெரியும். மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்கிற முனியம்மாளின் மகன் செந்தில்குமார் என் ஷெட்டில்தான் பிரஸ் ஓட்டுகிறான். டிசம்பர் கடைசியிலேயே சொன்னான். ‘சார், மயிலாப்பூர் ஐயாவுக்கு கிட்னி பூட்ச்சாம். வாரத்துக்கு மூணு தபா மிஷின்ல போட்டுக்கினு கீறாங்க. பிப்ரவரி மொத வாரத்துல ஆபரேசனாம், அம்மாதான் குடுக்குதாம்’ என்றான். நீ சொல்வாய் என்று ஒரு வாரம் பார்த்தேன். பிறகு கடிதம் எழுதினேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பேன். நீ என்னைத் தம்பியாக நினைத்து வரவில்லை. நானும் வாங்குகிறவனாகவே நடந்துகொண்டேன். பணம் சொன்ன தேதியில் வந்ததா, இல்லையா? மச்சான் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? நீ சொல்லாததும் நான் கேட்காததும் ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்.

ஒரு நாள் வந்து மச்சானைப் பார்க்கலாமா என்று கேட்டு எழுது.

அமீன்

*

அடையாறு,
18 ஆகஸ்ட் 2024

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

என் மச்சானுக்குச் சிறுநீரகம் போனதும், என் அக்கா வயிற்றைக் கிழித்துக் கொடுத்ததும் எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? இருபத்திரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஏழாவது அடிக்குறிப்பில். ‘விற்பவரின் கணவருக்கு அவசர உறுப்பு மாற்று அறுவை, விற்பவரே கொடையாளர்.’ ஜீஷான்தான் படித்துக் காட்டினான். நீ இங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் படுத்திருந்தாய், நான் பெங்களூரு மழையைப் பற்றி விசாரித்து மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத மதிப்பீட்டாளரிடம் சொன்னாயே, என்னிடம் சொல்லக் கூடாதா? ஜூனில் குளியலறையை வைத்து உன்னைக் குத்தி எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

எனக்கு வந்த பணம் நீ வாங்கிக் கொடுத்தது. அதில் பாதி உனக்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஜீஷானின் முதல் வருஷப் பணத்தைக் கட்டியபின் கையிலிருப்பதைப் பார்த்தேன், எழுத வரவில்லை. நான் இப்படிப்பட்டவள் என்று எனக்கே இன்றுதான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மச்சானைப் பார்க்க வேண்டும்.

புஷ்ரா

*

மயிலாப்பூர்,
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள புஷ்ராவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். எனக்கு உடம்பு தேவலை. குனிந்து எழுந்தால் மட்டும் தையல் சுருக்கென்கிறது.

பணத்தைப் பற்றி இனி எழுதாதே. அது ஜீஷானுக்கு, அவன் படிக்கட்டும். ஜூன் மாதக் கடிதத்தை நான் கிழித்துப் போட்டாயிற்று. அமீனுக்குப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் டிசம்பர் கடைசியில் அவன் காத்திருந்தேன் என்கிற அந்த ஒரு வாரம்தான் கண் முன்னால் வருகிறது. அந்த வாரம் முழுக்க அவருக்கு மூச்சுத் திணறல். உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. கோபத்தில் சொல்லவில்லை. அந்த அறிக்கையின் பிரதி கூரியரில் வந்தபோது நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். உன் மச்சான்தான் வாங்கிப் பிரித்திருக்கிறார். கணக்குப் பார்த்த மனுஷன், எந்த அறிக்கையிலும் அடிக்குறிப்பைத்தான் முதலில் படிப்பார். நான் திரும்பி வந்தபோது இருபத்திரண்டாம் பக்கம் மடியில் திறந்திருந்தது. ‘அவன் கம்பெனி பேப்பர்ல என்ன ஏத்திட்டியே’ என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது. இன்றோடு இருபத்து மூன்று நாள். மாத்திரையை நீட்டினால் வாங்கிக்கொள்கிறார், சோறு போட்டால் சாப்பிடுகிறார். நீ வந்து நின்றால், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று இன்னும் சுருங்கிவிடுவார்.

உனக்காக எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை, இதை நம்பு. மறுபடி எழுத வேண்டியிருந்தாலும் எழுதுவேன். ஆனால் இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

நேற்று மாதாந்தரப் பரிசோதனைக்குப் போனோம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். என் சிறுநீரகம் அவர் உடம்பில் அவருடையது போலவே வேலை செய்கிறதாம், இனி பயமில்லையாம். அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் டாக்டர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பிறகு நர்ஸுக்குச் சொன்னார். கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேனுக்கும் சொன்னார். நான் பைலை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

உன் அக்கா,
சகினா